ரேம்பன்ட்: பின்னங்காலில் நிற்கும் ஒரு சொல்

ஆங்கிலச் செய்தியில் 'ரேம்பன்ட் கரப்ஷன்' என்று வந்தால், தமிழ்ச் செய்தியில் அது அநேகமாக 'ஊழல் தலைவிரித்தாடுகிறது' என்று ஆகிவிடும். போலி மருந்து, மணல் கொள்ளை, கந்துவட்டி, காப்பியடித்தல் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். ஆங்கிலத்தில் எது 'ரேம்பன்ட்'டாக இருந்தாலும் தமிழில் அது கூந்தலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஆட வேண்டும். வேறு வழியே கிடையாது என்பதுபோல எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இந்த மொழிபெயர்ப்பு தப்பு என்று சொல்ல வரவில்லை. சில இடங்களில் மூலத்தைவிட நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லுக்குள் ஒரு புகார் இருக்கிறது. அந்தப் புகார் தமிழுக்கு வரும்போது எங்கேயோ விழுந்துவிடுகிறது. அது எங்கே விழுகிறது என்று பார்க்கத்தான் இந்தக் குறிப்பு. கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும், ஏனென்றால் இந்தச் சொல்லின் கதை ஒரு சிங்கத்தில் ஆரம்பிக்கிறது.

பழைய பிரெஞ்சில் 'ராம்பே' என்று ஒரு வினைச்சொல். ஏறுவது, பற்றிக்கொண்டு மேலே போவது என்று பொருள். அதற்கும் அடியில் கொக்கி, வளைந்த நகம் என்ற பொருளுள்ள ஒரு ஜெர்மானிய வேர் இருக்கலாம் என்கிறார்கள் சொல்லாராய்ச்சிக்காரர்கள். ஆக, நகத்தைப் பதித்து மேலேறுவதுதான் ஆதிப் படம். இன்றைய பிரெஞ்சில் அதே வினை 'தவழ்வது, ஊர்வது' என்று தரையோடு ஒட்டிவிட்டது. அரசியல்வாதி ஒருவர் தலைவர் காலடியில் ஊர்ந்தால் பிரெஞ்சில் அதற்கும் இதே வினைதான்.

ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலி ஏறுகிற சாய்தளத்தை 'ரேம்ப்' என்கிறோம், அழகிப் போட்டியில் 'ரேம்ப் வாக்' என்கிறோம். இரண்டும் இந்தக் குடும்பம்தான். கலவரக்காரர்களின் 'ரேம்பேஜ்' 18ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில் முளைத்தது, அதுவும் பெரும்பாலும் இந்த வீட்டுப் பிள்ளைதான். கோட்டை மதிலைக் குறிக்கும் 'ரேம்பார்ட்' மட்டும் வெளியாள். பேர் ஒத்துப்போகிறதே தவிர உறவு கிடையாது, 'அரண் செய்வது' என்ற பொருளுள்ள வேறொரு பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது அது.

இத்தாலியைப் பார்த்தால் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. கொடிச் செடிக்கு அங்கே 'ரம்பிகாந்தே' என்று பெயர். இட்டாலோ கால்வினோ 1957-இல் எழுதிய நாவலின் பெயர் 'இல் பரோனே ரம்பாந்தே'. வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு மரத்தில் ஏறிய பையன் ஒருவன் சாகும்வரை தரையில் கால் வைக்காத கதை அது. 'ரம்பாந்தே' என்றால் அங்கே ஏறுகிறவன். ஃபெராரி காரில் இருக்கும் கருப்புக் குதிரைக்கும் இத்தாலியில் 'கவல்லினோ ரம்பாந்தே' என்றுதான் பேர். முன்னங்காலைத் தூக்கி நிற்கிற குட்டிக்குதிரை. முதல் உலகப்போர் விமானி பிரான்செஸ்கோ பராக்காவின் விமானத்தில் இருந்த சின்னம் அது.

இந்த முன்னங்காலைத் தூக்கி நிற்பது என்ற விஷயம்தான் ஆங்கிலத்துக்குள் முதலில் நுழைந்தது. அதற்கு வழி, ஹெரால்ட்ரி எனப்படும் குலச்சின்னக் கலை.

12ஆம் நூற்றாண்டின் நடுவில் மேற்கு ஐரோப்பாவில் பிரபுக்கள் தங்கள் கேடயங்களில் பரம்பரைச் சின்னம் வரைய ஆரம்பித்தார்கள். யாருக்கு என்ன சின்னம் என்பதை வார்த்தையில் எழுதிவைக்க வேண்டிய தேவை வந்தது. அந்த எழுத்தைப் படித்தே ஓவியன் சின்னத்தைச் சரியாக வரைந்துவிட வேண்டும். அதனால் விலங்கு நிற்கிற ஒவ்வொரு நிலைக்கும் தனிச்சொல் உண்டானது. நடக்கும் சிங்கம் 'பாஸன்ட்', உட்கார்ந்திருப்பது 'ஸீஜன்ட்', தலைநிமிர்ந்து படுத்திருப்பது 'கவுச்சன்ட்', தூங்குவது 'டார்மன்ட்'. பின்னங்காலில் எழுந்து, முன்னங்கால் இரண்டையும் நகத்தோடு காற்றில் வீசி, நாக்கை நீட்டி, வாலை மேலே சுழற்றி நிற்பது 'ரேம்பன்ட்'. அப்போது இங்கிலாந்து மேல்தட்டின் பேச்சு பிரெஞ்சு என்பதால் இந்தச் சொற்களும் பிரெஞ்சு. 800 வருஷம் ஆகியும் குலச்சின்னக்காரர்கள் அந்த பாஷையை விடவில்லை. சிவப்பைச் சிவப்பு என்று சொல்லமாட்டார்கள், 'கியூல்ஸ்' என்பார்கள்.

ஒரு வேடிக்கை. பழைய பிரெஞ்சுக் குலச்சின்னக்காரர்களுக்குச் சிங்கம் என்றாலே பின்னங்காலில் நிற்பதுதான். நடந்துபோய் முகத்தை நம் பக்கம் திருப்பினால் அதன் பெயர் 'சிறுத்தை'. அதே பிடரி, அதே உடம்புதான், நிற்கிற விதத்தில் ஜாதியே மாறிவிடும்!

சிங்கம் ஏன் இப்படி எழுந்து நிற்க வேண்டும்? வீரத்தைக் காட்டத்தான் என்று சட்டென்று சொல்லிவிடலாம். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி கேடயத்தின் வடிவம். மேலே அகலமாக, கீழே கூராக, உயரமாக இருக்கும் ஒரு பலகையில் நடக்கும் சிங்கத்தை வரைந்தால் மேலும் கீழும் காலியாகக் கிடக்கும். எழுந்து நிற்கும் சிங்கம் கச்சிதமாக நிரப்பிவிடும். நடக்கும் சிங்கமே வேண்டுமென்றால் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று வரைய வேண்டும். இங்கிலாந்து அதைத்தான் செய்தது. முதலாம் ரிச்சர்டின் 1189-ஆம் வருஷ முத்திரையில் இருந்தது எழுந்து நிற்கும் சிங்கம். 1198-இல் செய்த இரண்டாவது முத்திரையில் மூன்று நடக்கும் சிங்கங்கள். இன்றைக்கு இங்கிலாந்து கால்பந்து வீரர்களின் சட்டையில் இருப்பது அந்த மூன்றும்தான்.

எழுந்து நிற்கும் சிங்கத்தை நிரந்தரமாக எடுத்துக்கொண்டது ஸ்காட்லாந்து. மஞ்சள் தளத்தில் சிவப்புச் சிங்கம், நகமும் நாக்கும் நீலம். இரண்டாம் அலெக்சாண்டரின் 1222-ஆம் வருஷ முத்திரையில் அதைப் பார்க்கலாம். அந்தக் கொடிக்கே இன்று 'லயன் ரேம்பன்ட்' என்றுதான் பேர்.

இங்கேதான் எனக்குப் பிடித்த முரண் வருகிறது. 'கட்டுப்பாடில்லாமல் பரவுவது' என்ற பொருளைத் தந்த அந்தச் சின்னம், உலகத்திலேயே கடுமையாகக் கட்டுப்படுத்தப்படும் சின்னங்களில் ஒன்று. சட்டப்படி அது அரசருடைய தனிச்சொத்து. ஸ்காட்லாந்தில் இதற்கென்றே லார்ட் லயன் என்ற அதிகாரியும் அவருக்கு ஒரு நீதிமன்றமும் உண்டு. 1672-ஆம் வருஷச் சட்டம் ஒன்றின் கீழ் அவர் இன்றும் நடவடிக்கை எடுக்கலாம். ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளிவிழா 1935-இல் வந்தபோது, விசுவாசத்தைக் காட்ட ஜனங்கள் கையில் சின்னக் கொடியாகப் பிடித்து ஆட்டலாம் என்று சலுகை தந்தார்கள். கால்பந்து மைதானத்தில் இன்று ஆயிரக்கணக்கில் பறப்பதெல்லாம் அந்தச் சலுகையின் நிழலில்தான். ஆனால் 1978-இல் இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் ஊர்த் துணி வியாபாரி ஒருவர் இந்தச் சிங்கத்தைப் படுக்கை விரிப்பில் போட்டு விற்றபோது, நிறுத்தும்வரை தினசரி அபராதம் என்று தீர்ப்பானது. மெத்தையில் சிங்கம் படுக்கக் கூடாது!

இந்தச் சிங்கத்துக்குத் தமிழ் மண்ணோடும் ஒரு சம்பந்தம் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னத்தில் கேடயத்தை இரண்டு பக்கமும் தாங்குவது எழுந்து நிற்கும் சிங்கங்கள். உச்சியில் ஒரு குட்டிச் சிங்கம், அதே நிலையில், முன்னங்கால்களுக்கு நடுவே கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். சென்னை மாகாணத்துக்காக 1803-இல் பர்மிங்ஹாம் பக்கம் சோஹோ ஆலையில் செப்புக்காசு அடித்தார்கள். அதில் மிகச் சின்னதான ஒரு காசில் அந்தக் குட்டிச் சிங்கம் மட்டும். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்ற கணக்கு நடந்த காலம் அது. 'காசு' என்ற நம்ம சொல்லையே 'கேஷ்' என்று பொறித்து, அதன் மறுபக்கத்தில் ஒரு 'ரேம்பன்ட்' சிங்கத்தை நிறுத்தி, கப்பலில் திருப்பி அனுப்பினார்கள். அந்தச் சொல்லைக் கேட்டிராத ஜனங்கள் அதன் படத்தை மடியில் முடிந்துகொண்டு சந்தைக்குப் போயிருக்கிறார்கள்.

பெரிய சிங்கங்கள் உள்ள 1808-ஆம் வருஷக் காசுகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் மாட்டி மூழ்கியது. அந்தக் காசுகளை 1980களில் லட்சக்கணக்கில் அள்ளினார்கள். இன்று நாணயச் சேகரிப்பாளர்களிடம் சல்லிசாகக் கிடைக்கும் சென்னைக் காசு, சென்னைக்கு வந்தே சேராத காசுதான்.

எழுந்து நிற்கும் சிங்கம் நமக்கு வெளியூர்ச் சரக்கா என்றால், அதுவும் இல்லை. காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலில் தூணுக்குத் தூண் நிற்பது எது? ராஜசிம்ம பல்லவன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கோயில். ஐரோப்பியக் கேடயத்தில் சிங்கம் ஏறுவதற்கு 400 வருஷம் முன்பே இங்கே பின்னங்காலில் நின்றுகொண்டிருக்கிறது. ஆங்கிலக் கலை வரலாற்று நூல்களில் இந்தச் சிங்கங்களையும் யாளிகளையும் 'ரேம்பன்ட்' என்றுதான் வர்ணிப்பார்கள். அங்கே அந்தச் சொல்லுக்கு எந்தக் கெட்ட பொருளும் இல்லை, நிற்கிற நிலை மட்டும்தான். இதைக் கவனிக்காமல் 'கட்டுக்கடங்காத யாளிகள்' என்று மொழிபெயர்த்தால் கோயில் கலவர பூமியாகிவிடும்.

சரி, நிற்கிற சிங்கம் எப்படிப் பரவுகிற தீமையானது?

முதல் படி சுலபம். எழுந்து நிற்கும் சிங்கம் பாயப்போகும் சிங்கம். 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர், புருஷன் மேல் பாய்கிற ஒரு பெண்டாட்டிக்கே இந்த வினையைப் போட்டிருக்கிறார். கவர்டேல் மொழிபெயர்த்த 22ஆம் சங்கீதத்தில் கர்ஜிக்கும் சிங்கத்துக்கு 'ரேம்பிங்' என்ற அடைமொழி உண்டு. அது இங்கிலாந்துத் திருச்சபையின் வழிபாட்டுப் புத்தகத்தில் இருந்ததால் தலைமுறை தலைமுறையாக எல்லார் காதிலும் விழுந்தது. மில்டனின் 'பேரடைஸ் லாஸ்ட்' 1667-இல் வந்தது. அதன் ஏழாம் காண்டத்தில் படைப்பின் ஆறாம் நாள் சிங்கம் பூமிக்குள்ளிருந்து பாதி உடம்போடு வெளியே வந்து, மீதி உடம்பை உருவிக்கொண்டு, கட்டறுத்ததுபோல் எழுந்து பிடரியை உலுக்கும். அங்கேயும் 'ரேம்பன்ட்'தான். தீமை ஒன்றும் இல்லை, இன்னும் ஏதேன் தோட்டத்தில் பாவமே நுழையவில்லை. ஆனால் 'கட்டறுத்தல்' என்ற எண்ணம் சொல்லோடு ஒட்டிக்கொண்டுவிட்டதைப் பார்க்கலாம்.

இரண்டாவது படிதான் சிக்கல். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே 'தடையில்லாமல் வளர்கிற' என்ற பொருளும் தென்பட ஆரம்பித்துவிடுகிறது. இது எங்கிருந்து வந்தது? சிங்கத்தின் மூர்க்கத்திலிருந்து என்பது ஒரு கட்சி. 'ஏறுவது' என்ற பழைய பிரெஞ்சுப் பொருள் கொடிகளின் வழியாகத் தப்பிப் பிழைத்தது என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சிப் பக்கம் சாய்கிறேன். தோட்டக்காரர்களின் ஆங்கிலத்தில் இன்றைக்கும் படபடவென்று பந்தலேறும் கொடியை 'ரேம்பன்ட்' என்பார்கள். அது வசவு இல்லை. 'பக்கத்துச் செடியை அமுக்கிவிடும், அடிக்கடி வெட்டிவிடு' என்ற எச்சரிக்கை மட்டும்தான். அதாவது, வெட்ட வேண்டிய ஆள் ஒருவர் அந்தச் சொல்லுக்குப் பின்னால் கத்தரியோடு நிற்கிறார்.

இதை மனதில் வைத்துக்கொண்டு இன்றைய பயன்பாட்டைப் பாருங்கள். 'வைட்ஸ்ப்ரெட்' என்றால் பரவலாக இருக்கிறது, அவ்வளவுதான். நல்லதும் பரவலாக இருக்கலாம். 'என்டெமிக்' என்றால் ஒரு வட்டாரத்தில் நிரந்தரமாகக் குடியிருப்பது. 'ரைஃப்' என்றால் மலிந்து கிடப்பது, வதந்திக்குப் பொருத்தம். 'ரேம்பன்ட்' என்றால் வளர்ந்துகொண்டே போகிறது, அது கெட்டது, அதைத் தடுக்க வேண்டியது யாரோ தடுக்கவில்லை என்று மூன்றையும் சேர்த்துச் சொல்கிறது. 'இந்த அலுவலகத்தில் நேர்மை ரேம்பன்ட்டாக இருக்கிறது' என்று ஆங்கிலத்தில் எழுதினால் கிண்டலாகத்தான் படும். வைட்ஸ்ப்ரெட் என்று எழுதுகிறவரிடம் கணக்குக் கேட்கலாம். ரேம்பன்ட் என்று எழுதினால் எழுதியவர் ஒரு குற்றச்சாட்டை வைத்துவிட்டார் என்று அர்த்தம்.

பல் வைத்தியத்தில் இந்தச் சொல்லுக்குக் கறாரான ஓர் இலக்கணம் இருக்கிறது. 'ரேம்பன்ட் கேரிஸ்' என்று ஒரு நிலை. மாஸ்லர் என்ற பல் மருத்துவ அறிஞர் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் தந்த விளக்கத்தைத்தான் பாடப்புத்தகங்கள் இன்றும் சொல்கின்றன. திடீரென்று வரும், பல பற்களில் வரும், வேகமாகக் குடைந்து சீக்கிரமே பற்கூழைத் தொட்டுவிடும், சாதாரணமாகச் சொத்தை விழாது என்று கருதப்படும் பற்களையும் பிடிக்கும். அந்தக் கடைசி அம்சம்தான் முக்கியம். கீழ் முன்பற்களை எச்சில் எப்போதும் கழுவிக்கொண்டே இருப்பதால் அங்கே சொத்தை லேசில் வராது. அங்கேயும் வந்துவிட்டது என்றால் காவல் போய்விட்டது என்று பொருள். எத்தனை பல் என்ற எண்ணிக்கையைவிட எந்தப் பல் என்பதுதான் பேச்சு. தாலுகா ஆபீசில் லஞ்சம் என்பதும், லஞ்சத்தைப் பிடிக்க வேண்டிய ஆபீசிலேயே லஞ்சம் என்பதும் வேறுவேறுதானே.

இப்போது தமிழுக்கு வருவோம். அவிழ்ந்த கூந்தல் நமக்குச் சும்மா இல்லை. துக்கம், சாமியாட்டம், பேய், பழிவாங்கும் சபதம் எல்லாம் அதில் இருக்கிறது. கண்ணகி பாண்டியன் சபைக்கு வந்த கோலமும் அதுதான். பின்னி முடிந்திருந்த ஒன்று அவிழ்ந்துவிட்டது என்ற படம், கட்டறுத்த சிங்கத்துக்கு அருமையான ஜோடி. இன்னும் கையில் இருக்கிற சரக்கைப் பார்த்தால், 'கொடிகட்டிப் பறக்கிறது' என்பதில் நல்லதும் கெட்டதும் இரண்டும் பறக்கும், கள்ளச்சாராயமும் ஜவுளி வியாபாரமும். 'புற்றீசல்போல்' என்பதில் எண்ணிக்கை உண்டு, மூர்க்கம் இல்லை. 'புரையோடிய' என்பது உள்ளே அழுகுவது, வெளியே தெரியாது. ரேம்பன்ட் வெளியே எழுந்து நிற்பது.

அகராதிக்காரர்களின் 'கட்டுக்கடங்காத'வில்தான் எனக்குச் சண்டை. கட்டுக்கடங்காதது என்றால் கட்ட முயன்றும் அடங்காதது. பழி அந்தப் பொருளின் மேல். 'வெள்ளம் கட்டுக்கடங்காமல் போனது' என்றால் என்ஜினியரை யாரும் கேட்கமாட்டார்கள். ஆங்கிலச் சொல் சொல்வது அதுவல்ல. கட்டவே இல்லை என்பதுதான் அதன் புகார். அடங்காததும் அடக்கப்படாததும் ஒன்றாகுமா? 'தலைவிரித்தாடுகிறது' என்பதிலும் இதே ஓட்டை இருக்கிறது. ஆடுவது ஊழல், பேய் பிடித்து ஆடுகிறது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வாக்கியத்துக்கு வெளியே பத்திரமாக நிற்கிறார்கள்.

டீக்கடையில் இதற்குச் சரியான சொல் இருக்கிறது. 'கேக்கறதுக்கு ஆளே இல்லாம நடக்குது சார்.' எழுத்தில் 'கேட்பாரில்லாமல்'. மூட்டை முடிச்சுக்கும் அநாதைப் பிணத்துக்கும் மட்டும் ஒதுக்கிவைத்திருக்கிறோமே, 'கேட்பாரற்று', அந்தச் சொல்தான். கேட்க வேண்டியவர் ஒருவர் இருந்தார், அவர் கேட்கவில்லை என்பது அதிலே வந்துவிடுகிறது. 'மணல் கொள்ளை தலைவிரித்தாடுகிறது' என்பதையும் 'மணல் கொள்ளை கேட்பாரில்லாமல் நடக்கிறது' என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாவதைப் படித்தால் கலெக்டருக்குத்தான் முதலில் உறைக்கும்.

இது வெறும் சொல் விவகாரமா என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை அழித்த பஞ்சத்தை, அதுதான் தாது வருஷப் பஞ்சம், நம் புத்தகங்கள் 'பஞ்சம் தலைவிரித்தாடியது' என்ற ஒரே வாக்கியத்தில் கடந்துபோகும். ஆடியது பஞ்சமா? மழை பொய்த்தது உண்மை. ஆனால் வைஸ்ராய் லிட்டன் தானிய வியாபாரத்தில் கைவைக்கமாட்டேன் என்றார். கோதுமை விளைவது வடக்கே என்றாலும், அந்தப் பஞ்சத்தின் நடுவில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் போன கோதுமை 3,20,000 டன். செலவைக் குறைக்க 1877-இன் தொடக்கத்தில் சென்னைக்கு அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆண் ஒருவனுக்கு நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று நிர்ணயித்தார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். பெண்ணுக்கும் வேலை செய்யும் சிறுவருக்கும் அதைவிடக் குறைவு.

அப்போது கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ். இந்த அளவுச் சாப்பாட்டில் உடலுழைப்பு செய்தால் ஆள் தேய்ந்து செத்துப்போவான் என்று அரசாங்கத்துக்கு எழுதினார், விடாமல் எழுதினார். சில மாதங்களில் சென்னை அரசு கூலியை உயர்த்தியது.